வீட்டு ஒலிப்பதிவுக் கணினி: எத்தனை டிரைவ், எதில் எதை வைப்பது?

நீங்கள் கேட்டிருப்பது இது. வீட்டில் ஓர் அறையை ஒலிப்பதிவுக்கு ஒதுக்கியிருக்கிறீர்கள். மைக்குகளைக் கணினியுடன் இணைக்கும் 16 சானல் இன்டர்ஃபேஸ் வந்துவிட்டது. பாட்டு, வயலின், மிருதங்கம் எல்லாவற்றையும் தனித்தனி டிராக்காக ஒரே நேரத்தில் பதிவு செய்ய வேண்டும். அவ்வப்போது லேப்டாப்புடன் கச்சேரிக்கும் போவீர்கள். கணினிக் கடைக்காரர் மூன்று டிரைவ் போடச் சொல்கிறார், அதிலும் இரண்டை ரெய்டு 0 முறையில், அதாவது ஒவ்வொரு கோப்பையும் இரண்டிலும் பிரித்து எழுதும்படி, இணைக்கச் சொல்கிறார். நண்பர் ஒரே பெரிய என்விஎம்இ (சுழலும் தட்டில்லாமல் சிப்பில் எழுதும் எஸ்எஸ்டியில் அதிவேக வகை) போதும் என்கிறார். கையில் ஏற்கெனவே 1 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்று இருக்கிறது. என்ன செய்வது?

வேகத்தை மட்டும் பார்த்தால் நண்பர் சொல்வதுதான் சரி. இருந்தாலும் இரண்டு டிரைவ் போடுங்கள்; அதற்குக் காரணம் வேகம் அல்ல. ரெய்டு 0 வேண்டவே வேண்டாம். அதில் மிச்சமாகும் பணத்துக்குப் பேக்கப் டிரைவ் வாங்குங்கள்.

முதலில் கணக்கு. பலர் இதைப் போட்டுப் பார்க்காமலேயே கடைக்குப் போய்விடுகிறார்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்தால் ஒரு வினாடிக்கு 48,000 சாம்பிள், அதாவது ஒலியின் அளவீடு. ஒவ்வொன்றும் 3 பைட். ஆக ஒரு டிராக்குக்கு வினாடிக்கு 1,44,000 பைட். 16 டிராக்கையும் ஒன்றாக ஓடவிட்டாலும் வினாடிக்கு 2.3 எம்பிதான் ஆகிறது; ஒரு மணி நேரத்துக்கு 8.3 ஜிபி. கொஞ்சம் ஆடம்பரமாக 32 டிராக், 96 கிலோஹெர்ட்ஸ் என்று போனாலும் வினாடிக்கு 9.2 எம்பியைத் தாண்டாது. நிமிடத்துக்கு 7200 முறை சுற்றும் இன்றைய சாதாரண ஹார்ட் டிஸ்க் தொடர்ச்சியாக எழுதும்போது வினாடிக்கு 150 எம்பிக்கு மேல் போகிறது. சாட்டா என்ற பழைய வகை இணைப்பில் ஓடும் எஸ்எஸ்டி 500 எம்பியைத் தாண்டும். என்விஎம்இ சில ஆயிரங்களில் ஓடும். பெட்டியின் மேல் 3,500 என்று அச்சிட்டிருக்கிறதா 7,000 என்று அச்சிட்டிருக்கிறதா என்பது உங்கள் மிருதங்கத்துக்குத் தெரியப்போவதில்லை.

அப்படியானால் மூன்று டிரைவ் என்ற விதி எங்கிருந்து வந்தது? அது பொய்யான விதி அல்ல. ஹார்ட் டிஸ்கில் தகவலைப் படிக்கவும் எழுதவும் ஒரே ஒரு முனைக் கூட்டம்தான் இருக்கிறது. அது ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர வேண்டும், நகர்ந்த பிறகு தட்டு சுழன்று வரும்வரை காத்திருக்க வேண்டும். 7200 சுற்று டிரைவில் அந்தக் காத்திருப்பு மட்டும் சராசரியாக 4.17 மில்லிவினாடி. நகரும் நேரம் எட்டு ஒன்பது மில்லிவினாடி. இரண்டையும் கூட்டினால், வினாடிக்கு எண்பது தாவல்கள் கிடைத்தாலே அதிகம். இருபத்து நான்கு டிராக் ஓடிக்கொண்டிருக்கிறது, ஒவ்வொன்றும் தட்டின் வெவ்வேறு இடத்தில் கிடக்கும் தனிக் கோப்பு, நடுநடுவே வெட்டி ஒட்டிய துண்டுகள் வேறு, இவற்றுக்கிடையில் விண்டோஸும் தன் வேலைக்காக அதே தட்டில் எதையாவது எழுத வருகிறது என்றால், முனை அலைந்து அலைந்தே நேரம் போய்விடும். அதனால்தான் இயங்குதளத்துக்கு ஒன்று, ஒலிக்கு ஒன்று, சாம்பிள்களுக்கு (மென்பொருளில் வாசிக்க முன்பே பதிவு செய்து விற்கும் வாத்திய ஒலிகளுக்கு) ஒன்று என்று பிரித்தார்கள். 1990களில் நிலைமை இன்னும் மோசம். அன்றைய டிரைவ்கள் சூட்டினால் ஏற்படும் விரிவை ஈடுகட்ட, இடையிடையே வேலையை நிறுத்தித் தங்களைத் தாங்களே அளவிட்டுக்கொள்ளும். அந்தச் சின்ன இடைவெளி ஒலிப்பதிவை அறுத்துவிடும் என்பதால், அதைத் தள்ளிப்போடத் தெரிந்த டிரைவ்களைத் தனியாகக் கூடுதல் விலைக்கு விற்றார்கள்.

எஸ்எஸ்டியில் நகரும் முனை கிடையாது. விதியின் காரணம் போய்விட்டது, விதி மட்டும் கடைகளில் தங்கிவிட்டது. இதே விதியின் அரைகுறை வடிவம் ஒன்றும் உண்டு: ஒரே ஹார்ட் டிஸ்கை சி, டி, இ என்று மூன்றாகப் பிரித்துவிட்டு மூன்று டிரைவ் இருப்பதாக நினைத்துக்கொள்வது. முனை ஒன்றுதானே? பகுதிகள் தள்ளித் தள்ளி இருப்பதால் அது இன்னும் அதிக தூரம் ஓட வேண்டியிருக்கும். ஒழுங்குக்காகப் பிரிக்கலாம், வேகத்துக்காகப் பிரிப்பதில் பொருளில்லை.

ரெய்டு 0 பற்றி இரண்டே வாக்கியம். உங்களுக்குத் தேவைப்படாத வேகத்தை அது இரட்டிப்பாக்குகிறது. இரண்டில் எது கெட்டாலும் இரண்டிலும் இருப்பது போய்விடும். இரண்டு டிரைவிலும் ஒரே தகவலை எழுதும் ரெய்டு 1 அந்த அளவுக்கு மோசமில்லை, ஒரு டிரைவ் செத்தாலும் வேலை நடக்கும். ஆனால் நீங்கள் தவறுதலாக ஒரு டேக்கை அழித்தால் இரண்டிலும் அதே நொடியில் அழியும். அதைப் பேக்கப் என்று எண்ணாதீர்கள்.

இனி, நான் ஏன் இரண்டு டிரைவ் என்கிறேன்? விண்டோஸ் ஒருநாள் நிச்சயம் படுத்துக்கொள்ளும், அல்லது ஒரு புதுப்பிப்பு உங்கள் இன்டர்ஃபேஸ் டிரைவரைக் கெடுக்கும். அப்போது முதல் டிரைவை முழுவதுமாக அழித்து நிறுவ வேண்டியிருக்கும். பதிவுகள் வேறு டிரைவில் இருந்தால் கை நடுங்காமல் அழிக்கலாம். எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒருநாளில் முதல் டிரைவின் முழு நகலை எடுத்துவைத்தால் மீட்பு வேலை அரை மணியில் முடிந்துவிடும். இயங்குதளமும் பதிவுகளும் கலந்து கிடந்தால் அந்த நகலே நூற்றுக்கணக்கான ஜிபிக்கு வீங்கும். இரண்டாவது டிரைவ் நிறைந்துவிட்டால் அதை மட்டும் மாற்றினால் போதும்.

ஆக, முதல் டிரைவ் 500 ஜிபி என்விஎம்இ: விண்டோஸ், ரெக்கார்டிங் மென்பொருள், பிளக்இன்கள். இரண்டாவது 1 அல்லது 2 டிபி எஸ்எஸ்டி: பதிவுகள் மட்டும். இது சாட்டாவாக இருந்தாலே தாராளம். என்விஎம்இ அதே விலைக்குக் கிடைத்தால் அதையே வாங்குங்கள். மூன்றாவது டிரைவைப் பற்றி யோசிக்க ஒரே காரணம் சாம்பிள் நூலகங்கள். கான்டாக்ட் போன்ற மென்பொருள்கள் ஒவ்வொரு சுரத்தின் தொடக்கத் துணுக்கை மட்டும் ரேமில் வைத்துக்கொண்டு, மீதியை நீங்கள் வாசிக்கும்போது டிரைவிலிருந்து இழுக்கின்றன. ஒரு பெரிய ஆர்க்கெஸ்ட்ரா அமைப்பில் நூற்றுக்கணக்கான சிறு துண்டுகளை ஒரே நேரத்தில் தேடிப்பிடிக்க வேண்டியிருக்கும். எஸ்எஸ்டியின் உண்மையான பலன் இந்த இடத்தில்தான் தெரியும். தொடக்கத் துணுக்கின் அளவைக் குறைத்து ரேமையும் மிச்சப்படுத்தலாம். நீங்களோ மைக் வைத்து மனிதர்களைப் பதிவு செய்கிறவர். தம்புரா சுருதியைத் தவிர சாம்பிள் எதுவும் அதிகம் தேவைப்படாது என்றால் மூன்றாவது டிரைவை மறந்துவிடுங்கள்.

வாங்குவதற்கு முன் மதர்போர்டின் கையேட்டைத் திறந்து பாருங்கள். எம்.2 என்ற ஒரே வடிவ இடத்தில் சில போர்டுகள் என்விஎம்இயை மட்டும் ஏற்கும், சில சாட்டாவையும் ஏற்கும். இன்னொரு சங்கடம், பல போர்டுகளில் ஒரு குறிப்பிட்ட எம்.2 இடத்தை நிரப்பினால் ஒன்றிரண்டு சாட்டா இணைப்புகள் தாமாகவே செயலிழந்துவிடும். புது டிரைவைப் பொருத்தியதும் பழையது காணாமல்போய், அது கெட்டுவிட்டது என்று குப்பையில் போடுகிறவர்கள் உண்டு. கையேட்டில் ஒரு சிறிய அட்டவணையில் எல்லாம் எழுதியிருக்கும்.

எஸ்எஸ்டி தேய்ந்துபோகாதா என்ற கேள்வி எப்போதும் வரும். 500 ஜிபி சாட்டா டிரைவ் ஒன்றுக்கு 300 டிபி எழுதலாம் என்ற உத்தரவாதம் சாதாரணமாகக் கிடைக்கிறது. தினமும் நான்கு மணி நேரம் 16 டிராக் பதிவு செய்தாலும் நாளைக்கு 33 ஜிபி. இருபத்தைந்து ஆண்டு ஆகும். அதற்குள் அந்த டிரைவைச் செருகும் துளையே உலகில் இருக்காது. எஸ்எஸ்டியின் சிப்பில் ஒரு செல்லுக்கு மூன்று பிட் வைக்கும் டிஎல்சி, நான்கு பிட் வைக்கும் கியூஎல்சி என்று இரு வகை இருக்கிறது. கியூஎல்சி மலிவு, ஆனால் தொடர்ந்து எழுதிக்கொண்டே போனால் அதன் தற்காலிக வேகப் பகுதி நிறைந்து, சில மாடல்களில் ஹார்ட் டிஸ்கைவிட மெதுவாகிவிடும். 2.3 எம்பி வேகத்தில் பதிவு செய்யும்போது அது உறைக்காது. ஒரு வாரப் பதிவை மொத்தமாக நகலெடுக்கும்போது உறைக்கும். விலை வித்தியாசம் சிறிது என்றால் டிஎல்சியே வாங்குங்கள், எதுவானாலும் ஐந்தில் ஒரு பங்கைக் காலியாக விடுங்கள். இணையச் சந்தையில் சில ஆயிரம் ரூபாய்க்கு 16 டிபி கையடக்க எஸ்எஸ்டி என்று விற்பதெல்லாம் மோசடி. உள்ளே ஒரு சிறிய மெமரி கார்டு இருக்கும், அளவைப் பெரிதாகச் சொல்லும்படி அதை மாற்றியிருப்பார்கள். எழுதுவதுபோலவே நடித்துவிட்டு உங்கள் கோப்புகளை விழுங்கிவிடும்.

உங்களிடம் இருக்கும் 1 டிபி ஹார்ட் டிஸ்கை நேரடிப் பதிவுக்கு வைக்கலாமா? வேகம் போதும். நான் வேண்டாம் என்பதற்குக் காரணம் சத்தம். ஒரே அறையில் மைக்கும் கணினியும் இருக்கும் வீட்டில் இது பெரிய விஷயம். நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் வினாடிக்கு 120. அதாவது 120 ஹெர்ட்ஸில் ஒரு முனகல், கணினிப் பெட்டியின் தகரத்தையும் மேசையையும் பிடித்துக்கொண்டு பரவும். ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆண்குரலின் மத்தியஸ்தாயி ஸட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ். முனகல் அதற்குச் சற்றுக் கீழே, தம்புரா அடர்ந்து ஒலிக்கும் அதே வட்டாரத்தில் வந்து உட்காருகிறது. பின்னால் ஈக்வலைசரில் அதை வெட்டினால் குரலின் உடம்பும் சேர்ந்து மெலியும். போதாததற்கு, முனை நகரும்போது எழும் கடகட ஒலி. நல்ல கண்டன்சர் மைக் இவை எல்லாவற்றையும் கேட்கும். ஆகவே பதிவு நடக்கும்போது சுழலும் டிரைவ் எதுவும் அந்த அறையில் ஓடக் கூடாது. அந்த 1 டிபியைக் கழற்றி ஒரு யுஎஸ்பி உறையில் போட்டுப் பேக்கப்புக்கு வையுங்கள்.

பேக்கப்புக்குப் புதிய ஹார்ட் டிஸ்க் வாங்கும்போது எஸ்எம்ஆர், சிஎம்ஆர் என்ற இரண்டு வகையைக் கவனியுங்கள். சிஎம்ஆரில் தகவல் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். எஸ்எம்ஆரில் அவை ஓட்டுக் கூரையில் ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருப்பதுபோல் எழுதப்படுகின்றன. ஒன்றைத் திருத்த வேண்டுமானால் பக்கத்தில் இருப்பவற்றையும் எடுத்து அடுக்க வேண்டும்; அதனால் திருத்தி எழுதும் வேலையில் திடீர் திடீரென்று சோர்ந்துவிடும். கையடக்க 2.5 அங்குல டிரைவ்களில் பெரும்பாலானவை இந்த வகை. ஒருமுறை எழுதி மூடிவைக்கும் நகலுக்கு இது போதும். நேரடிப் பதிவுக்கு ஆகாது. பெட்டியின் மேல் எந்த வகை என்று எழுதாமல் விற்பதும் உண்டு. 2020இல் வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையில் சொல்லாமலே எஸ்எம்ஆர் கலந்திருந்தது வெளிவந்து பெரிய சர்ச்சையானது. அதனால் மாடல் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் தேடிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

அடுத்து ஃபார்மேட். உள் டிரைவுகளுக்கு விண்டோஸின் வழக்கமான என்டிஎஃப்எஸ், இயல்பான அமைப்பில் அப்படியே. அலகு அளவை 64 கேபியாக வைக்கச் சொல்லும் பழைய அறிவுரையால் கெடுதல் இல்லை, பெரிய பலனும் இல்லை. மேக் வைத்திருக்கும் நண்பருக்குக் கொடுத்து வாங்கும் டிரைவ் மட்டும் விண்டோஸ், மேக் இரண்டிலும் எழுதக்கூடிய எக்ஸ்ஃபேட். ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போது கேபிள் பிடுங்கப்பட்டால் எக்ஸ்ஃபேட் எளிதில் குழம்பிவிடும், அதிலேயே பதிவு செய்யாதீர்கள்.

கச்சேரிக்குப் போகிறவர் என்பதால் உங்களுக்கு ஒன்று முக்கியம். வேவ் கோப்பின் தலைப்பில் அதன் அளவை எழுதும் இடம் 32 பிட்தான். எனவே ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் வளர முடியாது. தனித்தனி மோனோ டிராக்குகளில் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும், கவலையில்லை. ஆனால் 96 கிலோஹெர்ட்ஸில் ஸ்டீரியோவாகப் பதிவு செய்தால் இரண்டு மணி நான்கு நிமிடத்தில் எல்லை வந்துவிடும். இரண்டரை மணி நேரக் கச்சேரியில் அது பெரும்பாலும் தனி ஆவர்த்தனத்துக்கோ பல்லவிக்கோ நடுவில்தான் விழும். ரீப்பர், க்யூபேஸ் என்ற ரெக்கார்டிங் மென்பொருள்கள் இரண்டிலுமே எல்லையைத் தாண்டும்போது ஆர்எஃப்64 என்ற விரிந்த வடிவத்துக்குத் தானாக மாறும்படி அமைக்கலாம். வீட்டிலேயே அமைத்து, நீண்ட பதிவு ஒன்றை ஓடவிட்டுச் சோதித்துவிட்டுப் போங்கள்.

வெளியே கொண்டுபோக ஒரு கையடக்க எஸ்எஸ்டி வைத்துக்கொள்ளுங்கள். இன்டர்ஃபேஸையும் அதையும் ஒரே யுஎஸ்பி ஹப்பில் செருகாதீர்கள். இரண்டுக்கும் லேப்டாப்பில் தனித்தனி இடம் கொடுங்கள். டிரைவுடன் வந்த குட்டைக் கேபிளையே பயன்படுத்துங்கள். பென் டிரைவில் பதிவு செய்யவே கூடாது. அதன் சராசரி வேகம் போதுமானதாகத் தெரியும், ஆனால் நடுவில் ஒன்றிரண்டு வினாடி மூச்சை நிறுத்திக்கொள்ளும்.

விண்டோஸில் மாற்ற வேண்டியவை சிலதான். டிரைவ் தூங்கப் போகும் அமைப்பையும், யுஎஸ்பி இணைப்புகளை இடையில் உறங்க வைக்கும் அமைப்பையும் அணையுங்கள். பதிவு டிரைவை வைரஸ் தடுப்பின் உடனடிச் சோதனையிலிருந்தும் தேடல் அட்டவணையிலிருந்தும் விலக்குங்கள். இவற்றைவிட அதிகத் தொல்லை தருவது ஒன்டிரைவ். புதிய விண்டோஸில் டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப் இரண்டையும் அது கேளாமலே தன் பொறுப்பில் எடுத்துக்கொள்வது சாதாரணம். நீங்கள் அங்கே பதிவைத் தொடங்கினால், வளர்ந்துகொண்டிருக்கும் கோப்பை அது மேகத்துக்கு ஏற்றப் பார்க்கும், சில நேரம் பூட்டியும் வைக்கும். பதிவுகளை டி டிரைவில் நீங்களே உருவாக்கிய ஃபோல்டரில் வையுங்கள். மேக் வைத்திருப்பவர்களுக்கு ஐகிளவுடிலும் இதே கதைதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் அடுத்த கேள்வி இதுவாக இருக்கக்கூடும். பதிவில் டிக் டிக் என்று வெடிப்பொலி கேட்டால் டிரைவைக் குறை சொல்லாதீர்கள். மென்பொருள் டிரைவிலிருந்து வரும் ஒலியை முன்கூட்டியே ரேமில் வாங்கி வைத்துக்கொள்கிறது. அங்கே நிறைய அவகாசம் உண்டு. அவகாசமே இல்லாத இடம் இன்டர்ஃபேஸின் பஃபர், அதாவது ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கணினிக்குக் கைமாற்றும் சிறு இருப்பு. 128 சாம்பிள் என்றால் வெறும் 2.7 மில்லிவினாடி. அதற்குள் வைஃபை டிரைவரோ வேறெதுவோ செயலியைப் பிடித்துக்கொண்டால் வெடிப்பு கேட்கும். ரீப்பரின் செயல்திறன் சாளரத்தில் டிரைவ் எவ்வளவு வேலை செய்கிறது என்று தெரியும், முதலில் அதைப் பாருங்கள். அநேகமாகத் தூங்கிக்கொண்டிருக்கும். வைஃபையை அணைத்து, பஃபரை 256 ஆக்கிப் பாருங்கள்.

மின்வெட்டு. மேசைக் கணினியை இன்வெர்ட்டரை மட்டும் நம்பி ஓட்ட வேண்டாம், மாறும் கணத்தில் அணைந்துபோகலாம். யுபிஎஸ் வையுங்கள். அதையும் மீறிப் பதிவின் நடுவே கணினி அணைந்துவிட்டால் கோப்பு திறக்காது, அல்லது நீளம் பூஜ்யம் என்று காட்டும். பதறி அழித்துவிடாதீர்கள். பல மென்பொருள்கள் தலைப்பில் அளவைக் கடைசியில்தான் சரியாக எழுதுகின்றன. ஒலி பெரும்பாலும் பத்திரமாக உள்ளேயே இருக்கும். கோப்பின் அளவு சில நூறு எம்பி என்று காட்டினால் நம்பிக்கை வைக்கலாம். ஒரு நகல் எடுத்து, ஆடாசிட்டியில் கச்சாத் தகவலாக இறக்குமதி செய்து, 24 பிட், லிட்டில் எண்டியன், 48,000, ஒரு சானல் என்று நீங்களே சொன்னால் திறந்துவிடும். தொடக்கத்தில் ஒரு கரகரப்பு கேட்கும். அது தலைப்புப் பகுதி. வெட்டிவிடலாம்.

ரெய்டில் மிச்சமான பணம் பேக்கப்புக்கு. பதிவு முடிந்து வித்வான்கள் காபி குடித்துக்கொண்டிருக்கும்போதே, கேபிள்களைச் சுற்றுவதற்கு முன்பே, அந்த 1 டிபி ஹார்ட் டிஸ்கை இணைத்து நகலெடுத்துவிடுங்கள். மைக்கெல்லாம் அணைந்துவிட்டதால் இப்போது அது எவ்வளவு முனகினாலும் பரவாயில்லை. இன்னொரு டிரைவ் வாங்கி, வாரம் ஒருமுறை எழுதி, வேறு வீட்டில் வையுங்கள். முடிந்தால் வேறு ஊரில். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் தரைத்தள வீடுகளில் இருந்தவர்களுக்கு, ஒரே அலமாரியில் மூன்று பிரதி இருந்தால் அது ஒரு பிரதிக்குச் சமம் என்பதை விளக்க வேண்டியதில்லை. இணையத்தில் ஏற்றவும் செய்யலாம். 20 மெகாபிட் ஏற்றுவேகம் இருந்தால் ஒரு மணி நேர 16 டிராக் பதிவு ஏறி முடிய ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும். ஃப்ளாக் என்ற சுருக்கிய ஒலி வடிவத்துக்கு மாற்றினால் தரம் குறையாமல் அளவு கணிசமாகச் சுருங்கும்.

ஆண்டுக்கணக்கில் அலமாரியில் கிடக்கப்போகும் பிரதியை எஸ்எஸ்டியில் வைக்காதீர்கள். மின்சாரமே இல்லாமல் கிடந்தால் அதிலுள்ள மின்னூட்டம் மெல்லக் கசியும், வெப்பத்தில் இன்னும் வேகமாக. ஜெடெக் அமைப்பின் தரநிர்ணயம், எழுதும் ஆயுள் முடிந்த வீட்டு எஸ்எஸ்டியிடம் எதிர்பார்ப்பது 30 டிகிரி செல்சியஸில் ஓர் ஆண்டுதான். புது டிரைவ் இதைவிட நெடுநாள் தாங்கும், ஆனால் நம் ஊர் மே மாதம் 30 டிகிரியோடு நிற்பதில்லை. காப்பகத்துக்கு ஹார்ட் டிஸ்கே நல்லது. ஆண்டுக்கு ஒருமுறையாவது ஓடவிட்டு, சில கோப்புகளைத் திறந்து கேட்டுப் பாருங்கள். காப்பகத்தில் மென்பொருளின் புராஜெக்ட் கோப்பை மட்டும் போடாமல், ஒவ்வொரு டிராக்கையும் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரே வேவ் கோப்பாக ஆக்கி, சுருதி, ராகம், தேதி எழுதிய ஓர் உரைக் கோப்புடன் சேர்த்துப் போடுங்கள். பத்தாண்டு கழித்து அந்தப் பிளக்இன் இருக்காது, அந்த மென்பொருளே இல்லாமல் போகலாம். வேவ் திறக்கும்.

டிரைவின் உடல்நிலையை கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் காட்டும். ஹார்ட் டிஸ்கில் மாற்றி ஒதுக்கிய செக்டர், காத்திருக்கும் செக்டர் என்ற இரண்டு எண்களும் பூஜ்யத்திலிருந்து ஏறத் தொடங்கினால் அன்றே மாற்றிவிடுங்கள். சிஆர்சி பிழை (தகவல் கேபிளில் வரும் வழியில் சிதைந்ததைக் காட்டும் எண்) மட்டும் ஏறுகிறது என்றால் டிரைவின் மேல் பழி போடும் முன் சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள். உங்கள் மதர்போர்டின் மாடல் எண்ணைச் சொன்னால், எந்த எம்.2 இடத்தில் எதைப் பொருத்துவது, எந்த சாட்டா இணைப்பு அணைந்துபோகும் என்று கையேட்டைப் பார்த்துச் சொல்கிறேன்.